எட்டுப் பாட்டு, அஞ்சு பேர், ஒரு எக்செல் ஷீட்

போன மாசம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். ஆயுத பூஜை போட்டோக்கள், எதற்கோ எழுதிப் பாதியில் விட்ட நிரல்கள், அப்புறம் ‘பொன்வசந்தம் மார்க்’ என்று ஒரு எக்செல் ஷீட். 2012 செப்டம்பரில் சேமித்தது. அதே பெயரோடு ‘2’ என்று சேர்த்து இன்னொரு ஷீட், நாலு நாள் கழித்து. இந்த இரண்டு கோப்புக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

அந்த மாசம் 1-ஆம் தேதி ‘நீதானே என் பொன்வசந்தம்’ பாடல்கள் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் வெளியாயின. கௌதம் வாசுதேவ் மேனன் படம், நா. முத்துக்குமார் வரிகள், இளையராஜா இசை, மொத்தம் எட்டுப் பாடல்கள். ராஜாவுக்கு அப்போது 69 வயது. ஹாரிஸ் ஜெயராஜோடும் ரஹ்மானோடும் பெயர் வாங்கிய ஓர் இயக்குநர் ராஜாவிடம் வந்திருக்கிறார், லண்டன் கலைஞர்கள் வாசித்திருக்கிறார்கள் என்றதும் ரசிகர்களுக்கு எதிர்பார்ப்பு எங்கேயோ போய்விட்டது. போதாக்குறைக்கு படத்தின் பெயரே ராஜாவின் பழைய பாட்டிலிருந்து வந்தது. 1982-இல் வந்த ‘நினைவெல்லாம் நித்யா’வில் எஸ்.பி.பி. பாடியது. தன்னுடைய முப்பது வருஷத்துக்கு முந்தைய பாட்டோடு தானே போட்டி போட வேண்டிய நிலைமை. இந்த மாதிரி இடத்தில் மார்க் போட உட்கார்ந்தால் புத்தி நேராக வேலை செய்யாது.

நாங்கள் அஞ்சு பேர். நான் பீளமேட்டில் வாடகை வீட்டில் இருந்தேன். பொள்ளாச்சியில் தென்னை நார் மில் வைத்திருக்கும் நண்பன் ஒருத்தன். ஈரோட்டில் ஜவுளிக் கடைக்காரர், பழுத்த ரஹ்மான் ரசிகர். கீபோர்டு சொல்லித் தரும் நண்பர் ஒருவர், அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். திருப்பூரில் ஓர் அக்கா. ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று ஷீட்டில் போட்டு மெயிலில் சுற்றுக்கு விட வேண்டும், கடைசியில் சராசரி எடுத்து எது முதல் பாட்டு என்று தீர்த்துவிடலாம் என்பது என் யோசனை. இன்ஜினியருக்கு எல்லாமே ஷீட்டுக்குள் அடங்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு.

அடங்கவில்லை. ஏன் என்பது இப்போதுதான் ஓரளவு புரிகிறது.

முதலில், எண். பொள்ளாச்சி நண்பன் எட்டுப் பாட்டுக்கும் பத்துப் பத்து போட்டிருந்தான். வாத்தியார் மூன்றிலிருந்து ஒன்பது வரை பரப்பிப் போட்டிருந்தார். ஈரோட்டுக்காரர் ஆறு, ஏழு தாண்டவில்லை. சராசரி எடுத்தால் வரிசையை யார் தீர்மானிப்பார்? வாத்தியார்தான். எல்லாவற்றுக்கும் பத்து போட்டவன் வரிசையை ஒரு இம்மிகூட நகர்த்தவில்லை. அவன் ஓட்டே போடாத மாதிரிதான். அகலமாகப் பரப்பிப் போடுகிறவர் குரல்தான் சராசரியில் ஓங்கும். ஒவ்வொருவர் மார்க்கிலிருந்தும் அவரவர் சராசரியைக் கழித்து, அவரவர் திட்ட விலக்கத்தால் வகுத்தால் இதைக் கொஞ்சம் சரிக்கட்டலாம். பொள்ளாச்சிக்காரனுக்குத் திட்ட விலக்கம் பூஜ்யம், அதால் வகுக்க முடியாது. கணக்கே அவனைக் கைவிட்டுவிட்டது.

இதைவிட நல்ல முறை நம் கையில் எப்போதோ இருந்தது என்று தோன்றுகிறது. தொண்ணூறுகளில் கிராஸ்கட் ரோடு பக்கம் கேசட் பதிவு செய்து தரும் கடைகள் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? அறுபது நிமிஷ கேசட், பக்கத்துக்கு முப்பது நிமிஷம். பாட்டு நாலரை நிமிஷம் என்றால் பக்கத்துக்கு ஆறு, ரெண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு, பதிமூன்று. அதற்கு மேல் இடம் இல்லை. நோட்டுத் தாளில் இருபது பாட்டு எழுதிக்கொண்டு போய், கடை வாசலில் நின்று ஏழெட்டை அடிப்போம். அந்த அடித்தல்தான் உண்மையான மதிப்பீடு. ஒன்று உள்ளே வர இன்னொன்று வெளியே போகணும். பத்துக்குப் பத்து எல்லாவற்றுக்கும் போடுகிற சொகுசு அங்கே கிடையாது.

இதை முறைப்படி சொன்னவர் லூயிஸ் தர்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், 1927-இல். மனிதனுக்கு ஒரு பொருளைத் தனியாக வைத்து எண் சொல்வது கடினம். ரெண்டைக் காட்டி எது மேல் என்று கேட்டால் சுலபம். அந்த ஜோடித் தீர்ப்புகளிலிருந்தே அளவுகோலைக் கட்டிவிடலாம் என்றார். எட்டுப் பாட்டுக்கு இருபத்தெட்டு ஜோடி. எட்டையும் வரிசைப்படுத்த 40,320 வழிகள் இருக்கும்போது, இருபத்தெட்டு கேள்வியில் வேலை முடிகிறது என்றால் லாபம்தானே.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு சின்ன உதாரணம். ‘சாய்ந்து சாய்ந்து’, ‘காற்றைக் கொஞ்சம்’, ‘முதல் முறை’ என்று மூன்று பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் இதே வரிசையில் வைக்கிறார். இரண்டாமவருக்கு காற்று, முதல் முறை, சாய்ந்து. மூன்றாமவருக்கு முதல் முறை, சாய்ந்து, காற்று. இப்போது எண்ணிப் பாருங்க. மூன்றில் ரெண்டு பேர் சாய்ந்துவைக் காற்றுக்கு மேல் வைக்கிறார்கள். ரெண்டு பேர் காற்றை முதல் முறைக்கு மேல் வைக்கிறார்கள். ரெண்டு பேர் முதல் முறையைச் சாய்ந்துவுக்கு மேல் வைக்கிறார்கள். வட்டம். யாரும் குழப்பவாதி இல்லை, மூன்று பேரும் தெளிவாகத்தான் சொன்னார்கள். ஆனால் கூட்டத்துக்கு என்று ஒரு முதல் பாட்டு இல்லை. பிரான்ஸில் கோந்தோர்சே 1785-லேயே தேர்தல்களை வைத்து இதை எழுதிவிட்டார். ‘ரசிகர்கள் தேர்ந்தெடுத்த முதல் பத்து’ என்று எங்கே பார்த்தாலும், இந்த வட்டத்தை எங்கேயோ வெட்டித்தான் நேராக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்தது காலம். அந்த ஆல்பத்தில் வழக்கமான ராஜா தபேலா கம்மி. கிட்டாரும் வயலின் கூட்டமும் முன்னால் நின்றன. ‘புடிக்கல மாமு’ ராக்காக ஆரம்பித்து நடுவில் குத்துப் பாட்டாகத் திரும்பிவிடும். ‘சாய்ந்து சாய்ந்து’, ‘பெண்கள் என்றால்’ ரெண்டையும் யுவன் பாடியது அன்றைக்குப் பெரிய சண்டை. வேறு குரல் இருந்திருக்கலாம் என்று ஒரு கட்சி, இந்தக் கதைக்கு இந்தக் குரல்தான் என்று ஒரு கட்சி. நாங்கள் மார்க் போட்டது வெளியான முதல் வாரத்துக்குள். ஒவ்வொரு பாட்டையும் நாலைந்து தடவை கேட்டிருப்போம், அவ்வளவுதான்.

1968-இல் ராபர்ட் சையான்ஸ் என்ற உளவியலாளர் காட்டியது இது: அர்த்தமில்லாத சொல்லோ, தெரியாத எழுத்தோ, முன்பின் பார்க்காத முகமோ, எத்தனை தடவை கண்ணில் படுகிறதோ அந்த அளவுக்குப் பிடித்துப் போகிறது. வேறு காரணமே வேண்டாம், பழக்கம் போதும். பின்னால் வந்தவர்கள், அளவுக்கு மீறினால் சலிப்பு தட்டி விருப்பம் இறங்கும், வரைந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருக்கும் என்றார்கள். எளிமையான பாட்டு சீக்கிரம் உச்சிக்குப் போய் சீக்கிரம் இறங்கும். உள்ளே நிறைய நடக்கிற பாட்டு மெதுவாக ஏறும். அப்படியானால் முதல் வார மார்க் பாட்டின் தரத்தைச் சொல்வதில்லை. அந்தக் கிண்ணத்தில் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்றுதான் சொல்கிறது. உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் டிரைவர் போடும் ராஜா பாட்டுகளை நாம் சின்ன வயசிலிருந்து எத்தனை நூறு தடவை கேட்டிருப்போம். அந்தப் பாட்டோடு நாலு தடவை கேட்ட பாட்டை ஒப்பிட்டு ‘பழைய ராஜா இல்லப்பா’ என்று சொல்வது அநியாயம். இதைச் சொன்னதால் எட்டுப் பாட்டும் அற்புதம் என்று அர்த்தம் இல்லை. ‘புடிக்கல மாமு’ எனக்கு இன்றைக்கும் புடிக்கல.

இப்போது அந்த ரெண்டு கோப்புகள்.

முதல் கோப்பில் என் பத்தியில் மட்டும்தான் எண்கள். ‘சற்று முன்பு’ பாட்டுக்கு எட்டு போட்டிருக்கிறேன். இரண்டாவது கோப்பு, எல்லாருடைய மார்க்கும் வந்து சேர்ந்த பிறகு நான் இறுதியாகச் சேமித்தது. அதில் அதே பாட்டுக்கு என் மார்க் அஞ்சு. பக்கத்துப் பத்தியில் வாத்தியார் மூன்று போட்டு, ‘உச்சத்துல காது உறுத்துது’ என்று குறிப்பு எழுதியிருந்தார். இசை தெரிந்தவர் சொல்லிவிட்டார், எனக்கு என்ன தெரியும் என்று மாற்றியிருக்கிறேன். மாற்றியதே ஞாபகம் இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. இத்தனை வருஷமும் அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்காது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தால் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன். கேட்டால் ‘உச்சத்துல உறுத்தும்’ என்று சொந்தக் கருத்து மாதிரி சொல்லியும் இருக்கிறேன்.

இதையும் சோதித்திருக்கிறார்கள். சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று பேர் 2006-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். பிரபலமில்லாத குழுக்களின் 48 பாட்டுகள், கேட்க 14,000 பேருக்கு மேல். சிலருக்கு வெறும் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அவரவர் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். எட்டு உலகத்திலும் ஒரே பாட்டா ஜெயித்தது? இல்லை. ஒரு உலகத்தில் மேலே இருந்தது இன்னொன்றில் கீழே கிடந்தது. ரொம்ப நல்ல பாட்டு அடியோடு தோற்பது அரிது, ரொம்ப மோசமானது ஜெயிப்பதும் அரிது. நடுவில் இருப்பவை எங்கே வேண்டுமானாலும் போகும். அடுத்தவர் எண்ணைப் பார்த்தது மட்டும்தான் வித்தியாசம். என்னுடைய உலகத்தில் அந்த வேலையைச் செய்ய ஒரே ஒரு வாத்தியார் போதுமாயிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன நிரல் எழுதினேன். எட்டுப் பாட்டையும் தாறுமாறாக ஜோடி சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷம் ஓடவிட்டு, எது என்று கேட்கும். யார் மார்க்கும் கண்ணில் படாது. இருபத்தெட்டு ஜோடிக்கும் பதில் சொல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ‘சற்று முன்பு’ ஏழில் ஆறு ஜெயித்தது. ‘காற்றைக் கொஞ்சம்’ மட்டும்தான் அதை முந்தியது. கீழே மூன்று பாட்டுக்குள் வட்டமும் வந்தது. கூட்டத்துக்குத்தான் வரும் என்று பார்த்தால் ஒரே மண்டைக்குள்ளும் வருகிறது.

நிரலைப் பொள்ளாச்சிக்கும் அனுப்பினேன். அஞ்சாவது ஜோடியில் நிறுத்திவிட்டு போன் பண்ணினான். “மாப்ள, ரெண்டும் அவருதுதான, இதுல ஒண்ணத் தள்ளச் சொல்றியே, உனக்கே நல்லாருக்கா?” திருப்பூர் அக்காவின் பத்தி ரெண்டு கோப்பிலும் காலி என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவரைக் கூப்பிட்டுக் கேட்டால், “நீங்க ஒரு வாரத்துல கேட்டீங்க கண்ணு, நான் அப்பத்தான் கேக்கவே ஆரம்பிச்சிருந்தேன்” என்கிறார்.

வாத்தியாரிடம் நேராகவே சொன்னேன், நீங்க மூணு போட்டதைப் பார்த்துதான் என் எட்டை அஞ்சாக்கினேன், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அந்தப் பாட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன் என்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“மூணா? நான் அப்படியா போட்டேன்?” என்றார்.