நீர்த்தாரை ஊர்தி: வேகக் குறைவும் திறவுகோற் கோளாறும்

நீரின்மீது மோட்டார்ச் சைக்கிள் போல விரைந்தோடும் சிற்றூர்தியை மக்கள் ஜெட் ஸ்கி என வழங்குவர். அது கவசாக்கி நிறுவனத்தார் 1970களின் தொடக்கத்தில் தம் ஊர்திக்கு இட்ட வணிகப் பெயர். நாளடைவில் அவ்வினம் முழுமைக்கும் பெயராயிற்று. இவ்வூர்தியைக் குறித்துப் பெரும்பாலும் எழும் முறைப்பாடுகள் இரண்டு. முன்போல வேகம் எழவில்லை என்பது ஒன்று. திறவுகோலை இட்டும் இயங்கவில்லை என்பது மற்றொன்று. நோய்முதல் நாடாது குறியை மட்டும் கண்டு மருந்திடும் மருத்துவனைப் போல, ஆராயாமல் உறுப்புக்களை மாற்றுவோர் பொருளை இழப்பர். சிலபோது உயிர்க்காவலையே கழற்றி எறிந்துவிடுவர். ஆதலின் கோளாற்றை முறைப்படி நாடும் நெறியை அறிதல் வேண்டும்.

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் இவ்வூர்தியின் தத்துவம் பதுளைப் பகுதியினர்க்குப் புதிதன்று. தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ எனக் கூறும் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில், முற்காலத்தில் ஓடை நீரைக் குழாய்வழி இறக்கிச் சக்கரம் சுழற்றிப் பொறிகளை இயக்கினர். 1880இல் அமெரிக்கரான லெஸ்டர் பெல்டன் காப்புரிமை பெற்ற சக்கரம் இதற்குப் பெரிதும் உகந்தது. 60 மீற்றர் உயரத்தினின்று இறங்கும் நீர், உராய்வை நீக்கிக் கணித்தால், செக்கனுக்கு ஏறத்தாழ 34 மீற்றர் வேகத்துடன் தாரையாகப் பாயும். அங்கே நீர்த்தாரை சக்கரத்தைச் சுழற்றுகின்றது. ஊர்தியிலோ சக்கரம் சுழன்று நீர்த்தாரையை ஆக்குகின்றது. ஒன்றின் மறுதலையே மற்றொன்று. குழாய்வாயிலைச் சருகு அடைத்தால் ஸ்டோர்ச் சக்கரம் தளரும் என்பதை அறிந்தோர்க்கு, ஊர்தியின் நோயில் ஒரு பாதி விளங்கிவிடும்.

ஊர்தியின் அடிப்புறத்தே ஒரு கம்பித்தட்டி உண்டு. அதன் வழியே உள்ளீர்க்கப்படும் நீரை, எஞ்சினால் இயங்கும் சுழல்விசிறி அழுத்திப் பின்புறக் குறுவாய் வழியே வீசும். நீர் பின்னே செல்ல, ஊர்தி முன்னே செல்லும். நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளில் வெளிநீட்டிய விசிறி கல்லில் மோதி முறிவதைத் தவிர்க்கவே, வில்லியம் ஹமில்டன் என்பார் 1950களில் இம்முறையைப் படகுகளுக்குச் செம்மைப்படுத்தினார். பொம்பார்டியர் நிறுவனத்தாரின் முதற் சீ-டூ ஊர்தி 1968இல் வெளிவந்தது.

வேகம் குறைந்ததெனின் முதலில் வினவற்பாலது, வேகம் இழக்கப்பட்டதா, அன்றி வரையறுக்கப்பட்டதா என்பதாம். சீ-டூ வகைகளில் பழகுநர்க்கெனத் தனித் திறவுகோல் ஒன்று உண்டு. அதை இட்டால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீற்றருக்கு மேற் செல்லாது. யமாஹா வகைகள் சிலவற்றில் கைப்பொத்தானால் எஞ்சினின் சுழற்சியைக் குறைத்து வைக்கலாம். எரிபொருட் சிக்கன முறையும் இவ்வாறே வேகத்தைத் தாழ்த்தும். திறவுகோலை மாற்றினால் தீரும் குறைக்கு எஞ்சினைப் பிரித்தல் பேதைமையாகும்.

வரையறை இல்லையெனின், அடுத்து நோக்கற்பாலது நிமிடச் சுழற்சியைக் காட்டும் மானி. சுழற்சி முழுதும் எழுந்தும் வேகம் எழாவிடின் குற்றம் நீரேற்றும் பகுதியிலேயே உளது. தட்டியிற் பாசியோ கயிறோ பொலித்தீனோ சிக்கியிருக்கலாம். விசிறியின் விளிம்பு கல்லாலோ மணலாலோ சிதைந்திருக்கலாம். விசிறியைச் சூழ்ந்த தேய்வளையத்தையும் நோக்குதல் வேண்டும். விசிறிக்கும் அதற்கும் இடையே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இடைவெளியே இருத்தல் தகும். மணலால் அது அகன்றால், அழுத்தப்பட்ட நீர் அவ்வழியே பின்வாங்கும். விசிறி வீணே சுழலும். விலை குறைந்த வளையம் தேய்ந்து விலைமிக்க விசிறியைக் காக்குமாறே அது அமைக்கப்பட்டுள்ளது.

சுழற்சியே எழாவிடின் குற்றம் பெரும்பாலும் எஞ்சினைச் சார்ந்தது. கரிபிடித்த பிளக்கு, நெடுநாட் கிடந்த பெற்றோல், அடைபட்ட காற்றுவழி என்பன வழக்கமான காரணங்கள். இக்கால ஊர்திகளின் மின்மூளை, எஞ்சின் மிகச் சூடேறினும் எண்ணெய் அழுத்தம் குன்றினும், சுழற்சியைத் தானே தாழ்த்திக் கரைசேர மட்டும் விடும். அப்போது எழும் ஒலியும் விளக்கும் எச்சரிக்கைகள். அவற்றைப் பொருட்படுத்தாது ஓட்டுதல் எஞ்சினைக் கொல்வதாகும். ஊர்தியின் அடிவயிற்றில் நீர் தேங்கிப் பாரம் மிகுந்தாலும் வேகம் குன்றும்.

மலைநாட்டார் கருதவேண்டிய பிறிதொரு காரணமும் உண்டு. வெலிமடை வழியே பதுளையினின்று செல்வோர் காணும் நுவரெலியாக் கிரகரி வாவி, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,880 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையினும் ஐந்திலொரு பங்கு குறைவு. காற்றைத் திணிக்கும் துணைப்பொறி இல்லாத எஞ்சின் அவ்வளவுக்குக் குறைந்த காற்றையே உட்கொள்ளும். வலுவும் ஏறத்தாழ அவ்வளவே குறையும். கரையோரத்தில் கண்ட வேகத்தை அங்கு எதிர்பார்ப்பது பொருந்தாது. அது நோயன்று, இடத்தின் இயல்பே.

இனித் திறவுகோற் கோளாறு. ஊர்திகள் பலவற்றில், ஓட்டுநரின் மணிக்கட்டிலோ மிதவைச் சட்டையிலோ பிணித்த கயிற்றின் மறுமுனையே ஊர்தியைத் திறப்பது. சீ-டூவில் அம்முனையில் குறிமொழி பொதிந்திருக்கும். ஊர்தி அதனை அறிந்தால் இருமுறை குறுக ஒலிக்கும். ஒலி எழாவிடின் முனையையும் அது பொருந்தும் குமிழையும் நன்னீரால் கழுவி உலர்த்துக. உப்புப் படிவே பெரும்பாலும் பகைவன். அடுத்துப் பற்றரியின் வலுவை அளந்து பார்க்க. பின்னர் இரண்டாந் திறவுகோலை இடுக. இரண்டாவது இயங்கின் முதலாவதே பழுது. இரண்டும் இயங்காவிடின் குமிழையோ கம்பித் தொடர்பையோ ஐயுறுக. புதிய திறவுகோலுக்குக் குறிமொழியைப் பதித்தல் தகுதிபெற்ற பணிமனையின் கடன்.

கோளாறு தொடர்ந்தால், கம்பிகளை நேரே இணைத்துத் திறவுகோலின்றி ஓட்டத் துணிவாரும் உளர். அவர் அறியாதது ஒன்று. தாரையின் திசையாலேயே இவ்வூர்தி திரும்பும். விசையை விட்டால் தாரை நிற்கும். தாரை நின்றால் கைப்பிடியைத் திருப்பினும் திசை மாறாது. அஞ்சி விசையைக் கைவிட்டவன் எதிரே நீந்துவோர்மேல் நேரே சென்று மோதுவது இதனாலேயே. ஓட்டுநன் நீரில் வீழ்ந்தாலோ, கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றாலன்றி அவனுக்கும் அயலார்க்கும் காவலில்லை. தட்டியிற் சிக்கிய பாசியை நீக்கப் புகுமுன்னும் எஞ்சினை நிறுத்தித் திறவுகோலைக் கழற்றுதல் வேண்டும். சுழலும் விசிறி கையையும் கூந்தலையும் ஒன்றாகவே ஈர்க்கும்.

ஆகவே வரையறையா இழப்பா என வினவுதல், சுழற்சியை நோக்குதல், நீர்வழியைத் துப்புரவாக்குதல், அதன் பின்னரே எஞ்சினைத் தொடுதல் என்பதே முறை. கயிற்றைத் தொல்லையென எண்ணித் துறவாமையோ எந்நாளும் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கம். குறைந்த வேகத்தைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். போன உயிரை மீட்க ஒண்ணாது.