முடிவிலி பெரிய எண் அல்ல

இலங்கை மலையகத்தில் அட்டனிலிருந்து தலவாக்கலை வரை வழியெங்கும் தேயிலைதான். இதில் எத்தனை செடி இருக்கும் என்று தோட்டத்துப் பிள்ளையிடம் கேட்டால், "எண்ண ஏலாது" என்றே பதில் வரும். எண்ணலாம். நான்கடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்டால் செடிக்கு எட்டுச் சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆக 5,445 செடி. இலங்கையின் தேயிலை நிலம் ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேயர். அத்தனையிலும் இதே கணக்கில் நட்டாலும் சுமார் 270 கோடிதான் வரும். தலை சுற்றும் தொகைதான், ஆனால் அதற்கு முடிவு இருக்கிறது. அதனோடு ஒன்றைக் கூட்டலாம், அதற்குப் பிறகும் கூட்டலாம். இந்தக் கூட்டல் எங்கும் நிற்காது என்பதைத்தான் முடிவிலி என்கிறோம்.

அப்படியானால் முடிவில்லாத இரண்டை எப்படி ஒப்பிடுவது? கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஆளுக்கொரு கூடை இருக்கிறது. ஆளும் மிஞ்சவில்லை, கூடையும் மிஞ்சவில்லை என்றால் எண்ணாமலே இரண்டும் சமம். இதே முறையில் 1க்கு 2, 2க்கு 4, 3க்கு 6 என்று சோடி சேர்த்துக்கொண்டே போங்கள். எந்த எண்ணும் மிஞ்சாது. இரட்டை எண்கள் பாதிதானே என்று மனம் அடம்பிடிக்கும். ஆனாலும் இரண்டும் சமமே. 1638இல் கலிலியோ வர்க்க எண்களை வைத்து இதைக் கண்டார். முடிவில்லாதவற்றுக்குப் பெரியது, சிறியது, சமம் என்ற பேச்சே பொருந்தாது என்று அதோடு விட்டுவிட்டார்.

விடாதவர் ஜெர்மன் கணித அறிஞர் கேன்டர். 1891இல் அவர் தந்த நிறுவல் தரம் 11 பிள்ளைக்கும் விளங்கும். 0க்கும் 1க்கும் இடைப்பட்ட தசமங்கள் அனைத்தையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். அது 5 என்றால் 6 போடுங்கள், இல்லாவிட்டால் 5 போடுங்கள். இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கத்துக்கும் அப்படியே. இப்படிக் கிடைக்கும் புதிய தசமம் பட்டியலின் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் ஓரிடத்திலாவது வேறுபடும். அதனால் அது பட்டியலில் எங்குமே இருக்க முடியாது. 1, 2, 3 என்று எப்படிச் சோடி சேர்த்தாலும் ஒரு தசமம் மிஞ்சும். ஆகவே 1, 2, 3 என்று போகும் முடிவிலியை விடத் தசமங்களின் முடிவிலி பெரியது! இதற்குக் கூட்டல், பெருக்கல்கூடத் தேவைப்படவில்லை.

இப்படி எளிதாக விளங்கக்கூடிய கணிதம்தான் மலையகத்தில் சாதாரண தரப் பரீட்சையில் பல பிள்ளைகளை மறிக்கும் பாடம். எண் விளங்காத பிள்ளைகள் அல்ல இவர்கள். பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் கழிவு என்று லயத்திலேயே பின்னமும் கழித்தலும் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த அறிவைத் தொடாமல் கரும்பலகையில் நேராகச் சூத்திரத்தில் தொடங்குவதுதான் பிழை என்பது என் உறுதியான எண்ணம்.

கணித ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பாடவேளையை ஒதுக்கி, இரட்டை எண்களைச் சோடி சேர்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். பாதி எப்படி முழுதுக்குச் சமமாகும் என்று அவர்கள் சண்டை பிடிப்பார்கள். மணி அடிக்கும்வரை பிடிக்கட்டும், விடையை உடனே சொல்லிவிடாதீர்கள்.