'பீப்' சத்தத்தில் சங்கராபரணம்... லினக்ஸில் நீங்களும் வாசிக்கலாம்!

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் உள்ளே இருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்குமே, நினைவிருக்கிறதா? வெளியே வைக்கும் ஸ்பீக்கருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மதர்போர்டோடு இணைந்த குட்டி பீப்பர் எழுப்பும் சத்தம் அது. 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம் பி.சி-யிலேயே இது உண்டு. இந்த பீப்பரை வைத்துப் பாட்டும் வாசிக்கலாம்.

எப்படி வாசிப்பது?

கம்ப்யூட்டருக்குள் நொடிக்கு சுமார் 11,93,182 முறை துடிக்கும் டைமர் ஒன்று இருக்கிறது. அதை எந்த எண்ணால் வகுக்கிறோமோ, அதற்கேற்ற ஸ்வரம் பிறக்கும். 2,712-ஆல் வகுத்தால் 440 ஹெர்ட்ஸ். லினக்ஸில் இந்தக் கணக்கை நாம் போட வேண்டியதில்லை. 'பீப்' என்ற சின்ன புரோகிராமை இன்ஸ்டால் செய்து, அதிர்வெண்ணையும் எத்தனை மில்லி விநாடி ஒலிக்க வேண்டும் என்பதையும் கொடுத்தால் போதும். 262, 294, 330, 349, 392, 440, 494, 523 என வரிசையாகக் கொடுத்துப் பாருங்கள். ஒரு கட்டை சுருதியில் சங்கராபரண ஆரோகணம் கேட்கும்!

கமகம், குழைவெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். அந்தக் கால கேம்களில் சில ஸ்வரங்களை மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, எல்லாம் சேர்ந்து ஒலிப்பதுபோலக் காதை ஏமாற்றினார்கள்.

சத்தம் வரவில்லையா?

உபுண்டு போன்றவற்றில் பீப்பருக்கான டிரைவர் தானாக லோடு ஆகாதபடி தடுக்கப்பட்டிருக்கும். நீங்கள்தான் லோடு செய்ய வேண்டும். பல புதிய லேப்டாப்களில் தனி பீப்பரே கிடையாது.

அனுமதி இல்லை என்று வந்தால், யார் இயக்கினாலும் அட்மின் அதிகாரத்தோடு ஓடும்படி 'பீப்' புரோகிராமை மாற்றிவிடாதீர்கள். அப்படி அமைத்த கம்ப்யூட்டரில், ஒரு சாதாரண யூசர் முழுக் கட்டுப்பாட்டையும் கைப்பற்றும் அளவுக்கு ஓட்டை இருந்தது 2018-ல் தெரியவந்தது. அது சரிசெய்யப்பட்ட புதிய பதிப்பையே பயன்படுத்துங்கள்.

விளையாட்டு மட்டுமல்ல!

பீப் சத்தத்தைத் தொல்லை என்று நினைப்பவர்கள் பலர். ஆனால், டெபியன் லினக்ஸை இன்ஸ்டால் செய்யும்போது, மெனு தயாரானதை அறிவிப்பது இந்த சத்தம்தான். பழைய பயாஸ் கம்ப்யூட்டரில் ஒருமுறை, யு.இ.எஃப்.ஐ கம்ப்யூட்டரில் இருமுறை ஒலிக்கும். சவுண்டு கார்டு இன்னும் வேலைசெய்யத் தொடங்காத நேரம் அது. பார்வைத்திறன் இல்லாத ஒருவர் அதைக் கேட்டதும் 'எஸ்' எழுத்தை அழுத்தி என்டர் தட்டினால், அடுத்தடுத்த படிகளைக் கம்ப்யூட்டரே பேசிச் சொல்லும். யாருடைய உதவியும் இல்லாமல் அவரே இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்.