ஒரு கடை, இரு மாநிலம்

பாறசாலையில் பேருந்து ஏறினால் சில நிமிடங்களில் களியக்காவிளை வந்துவிடும். வழியெங்கும் அதே ரப்பர் மரம், அதே ஏத்தன் வாழை, அதே மரச்சீனித் தோட்டம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. ஆனால் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இங்கே ஒரு கோடு விழுந்தது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. மண் மாறவில்லை, சட்டம் மாறிற்று.

இந்தக் கோட்டின் ஒரு பக்கத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். பாறசாலைக் கடையில் வியாபாரம் நன்றாக நடக்கிறது. களியக்காவிளையில் இன்னொரு கடை திறந்து மகனிடம் ஒப்படைக்க நினைக்கிறார். நம்முள் சிலருடைய தந்தையார்க்கும் இப்படி ஓர் எண்ணம் இருக்கலாம். துணிக்கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் இது எளிய காரியம். விற்பது நஞ்சாயிற்றே! ஆகவே சட்டம் என்ன கேட்கிறது என்பதை முன்கூட்டியே அறிவது நலம்.

அந்தச் சட்டம் பிறந்த கதையும் கேரளத்தைச் சேர்ந்ததே. 1958-இல் கப்பலில் வந்த உணவுப் பொருளில் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து கலந்துவிட்டது. அதை உண்டு கேரளத்தில் நூறு பேருக்கு மேல் மாண்டனர். உணவையும் நஞ்சையும் ஓரிடத்தில் வைத்ததனால் வந்த சாவு அது. நீதிபதி ஷா தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, இதற்கென ஒரு தனிச்சட்டம் வேண்டும் என்றது. 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-இல் அதன் விதிகளும் வந்தன. இச்சட்டத்தின் விதி ஒவ்வொன்றையும் படிக்கும்போது அந்த நூறு பேரை நினைத்தால், விதியின் காரணம் தானே விளங்கும்.

முதல் விதி: உரிமம் ஆளுக்கு மட்டும் அன்று, இடத்திற்கும் உரியது. ஒருவர் இரண்டு இடங்களில் விற்கவோ இருப்பு வைக்கவோ விரும்பினால், இரண்டு உரிமங்கள் பெற வேண்டும். பாறசாலை உரிமத்தைக் காட்டிக் களியக்காவிளையில் விற்க முடியாது; அங்கே தமிழக அரசு நியமித்த உரிம அலுவலரிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 'இருப்பு' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். வீட்டுத் திண்ணையறையில் நாலு பெட்டி அடுக்கி வைத்தால் அதுவும் இருப்புத்தான். அந்த அறைக்கும் உரிமம் தேவை.

இரண்டாவது, அறிவுத் தகுதி. 2015-இல் திருத்திய விதியின்படி, சில்லறை விற்பனையாளர் வேளாண்மை, உயிர்வேதியியல், உயிரியல் போன்ற பாடங்களிலோ, வேதியியல், தாவரவியல், விலங்கியல் இவற்றில் ஒன்றைக் கொண்ட அறிவியலிலோ பட்டம் பெற்றிருக்க வேண்டும்; அல்லது உரிய பட்டயம் வேண்டும். தமக்கு இல்லையானால் தகுதியுள்ள ஒருவரைப் பணியில் அமர்த்தலாம். நண்பர்களே, வேதியியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு விடை.

மூன்றாவது, வைப்பு முறை. மருந்தைத் தனி அறையிலோ பூட்டிய தனி அலமாரியிலோ வைக்க வேண்டும். அரிசிக்கும் மாட்டுத் தீவனத்திற்கும் அருகில் அது வரக்கூடாது. முத்திரையிட்ட புட்டியைத் திறந்து சில்லறையாக அளந்து ஊற்றிக் கொடுப்பது குற்றம். ஒவ்வொரு விற்பனைக்கும் பட்டியல் எழுதித் தர வேண்டும். காலாவதியான சரக்கைப் பிரித்து ஒதுக்கி வைக்க வேண்டும்.

இனி, எல்லைக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். 2011-இல் கேரள அரசு ஃப்யூரடான், ஃபோரேட், பாராகுவாட் முதலிய பல மருந்துகளின் விற்பனையைத் தடுத்தது. காசர்கோட்டு எண்டோசல்ஃபான் கொடுமை அப்போது எல்லோர் மனத்திலும் இருந்தது. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டு மே மாதம் நாடு முழுவதும் நிறுத்தியது. ஆனால் வாழைக்கு இடும் ஃப்யூரடானுக்கு அன்று நாடு தழுவிய தடை இல்லை. களியக்காவிளைக் கடையில் முறையான சரக்கு, ஒரு மைல் கடந்தால் குற்றப் பொருள்! இரு கடையும் ஒருவருக்கே சொந்தமானால், 'அங்கிருந்து ஒரு பெட்டி எடுத்து வா' என்ற ஒரு சொல்லே வழக்காகிவிடும். ஆகவே இரு கடைக்கும் இரு இருப்புப் பதிவேடு, இரு கணக்கு வேண்டும். அவ்வப்போது மாறும் தடைப் பட்டியலை இரு மாநிலத்திலும் கேட்டறிய வேண்டும்.

வரியும் அப்படியே. 2017 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சரக்கு சேவை வரியில் பதிவு மாநிலவாரியானது. மாநிலம் கடந்து சரக்கு விற்பவர், விற்றுமுதல் சிறிதென்று சொல்லிப் பதிவிலிருந்து விலக முடியாது. ஊராட்சியின் தொழில் உரிமமும் தனி.

தவறு வந்தால் யார் பொறுப்பு? சட்டம் கடைக்காரருக்கு ஒரு காப்பும் தருகிறது. உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து வாங்கி, முறையாக வைத்திருந்து, சரக்கின் குறையை அறிந்திராதவர் என்று மெய்ப்பித்தால், சரக்கின் குறைக்கு அவர் தண்டனை பெறமாட்டார். ஆனால் மெய்ப்பிப்பது எதனால்? பட்டியலாலும் பதிவேட்டாலும்தான். கூட்டுத் தொழிலாக நடத்தினால் இன்னோர் எச்சரிக்கை: 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, கடையின் கடனுக்கும் இழப்பீட்டிற்கும் பங்காளி ஒவ்வொருவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். அண்ணன் கடையில் பெயரளவிற்குக் கையெழுத்திடும் தம்பி இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்று சலித்துக்கொள்வோர் இலங்கையைப் பார்க்கலாம். அங்கே 1995-இலும் 1998-இலும் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை நிறுத்தினார்கள். பத்தாண்டுக்குள் தற்கொலைச் சாவின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பூட்டிய அலமாரியும், கடைக்காரர் 'இல்லை' என்று சொல்லும் ஒரு சொல்லும் உயிர் காக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கடையை விரிப்பது நல்லதே. உழவனுக்கு மருந்தும் வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, தந்தையாரின் கடை அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். பூட்டு இருக்கிறதா? பதிவேடு இருக்கிறதா? அரிசி மூட்டை எட்டத்தில் இருக்கிறதா? இரண்டாம் கடையைப் பற்றிய பேச்சு அதன் பிறகு தொடங்கட்டும்.