வாப்பாவின் விரல்கள் அறிந்த காய்கள்

கிண்ணியாவில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் 31 சதுரங்கக் காய்களும் ஒரு கொட்டைப் பாக்கும் பல வருடங்களாகக் கிடந்தன. பாக்கு எதற்கு என்று கேட்பீர்கள். காணாமற்போன கறுப்புச் சிப்பாய்க்கு அதுதான் பதிலாள்!

இந்தப் பெட்டியைச் சீர்செய்யப் புறப்பட்ட கதையைத்தான் சொல்ல வருகிறேன். உங்கள் வீட்டிலும் மூத்தவர்கள் விட்டுப்போன மரப்பொருள் ஏதாவது இருக்கும். அதைத் தொடுமுன் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

துறைமுகம் தந்த பெட்டி

எங்கள் மூத்தாப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் ஓடாவியாக வேலை பார்த்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு வீசிய நாளையும் கண்டவர். அப்போது பாலம் இல்லை. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை பாதையில் ஏறித்தான் கடலைக் கடக்க வேண்டும். 1957இல் ஆங்கிலேயர் தளத்தை இலங்கையிடம் கையளித்துப் போனபோது, ஓர் அதிகாரி இந்தப் பெட்டியை மூத்தாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அன்று வாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது.

காய்கள் 'ஸ்டோன்டன்' வகை. இலண்டனில் ஜாக்ஸ் நிறுவனம் 1849இல் விற்பனைக்கு விட்ட வடிவம் இது. இன்று உலகப் போட்டிகளில் ஆடுவதும் இதே வடிவத்தில்தான். வெள்ளைக் காய்கள் பொக்ஸ்வூட் என்னும் வெளிர்மஞ்சள் மரம். கறுப்புக் காய்கள் கருங்காலி. கருங்காலி நம் உலர்வலயக் காடுகளின் மரம். தண்ணீரில் போட்டால் மிதக்காது, அமிழ்ந்துவிடும். அவ்வளவு கனம்.

ராஜாவின் தலையிலிருந்த சிலுவை எப்போதோ முறிந்திருக்கிறது. அந்த இடத்தில் மூத்தாப்பா ஒரு சிறு குமிழ் கடைந்து வைத்திருந்தார்.

ஆட்டத்தில் மூத்தாப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. பாங்கு கேட்டால் காய்கள் பெட்டிக்குள் போய்விட வேண்டும். பந்தயம் என்ற பேச்சே கூடாது. பணம் வைத்து ஆடுவதும், ஆட்டத்தால் தொழுகை தவறுவதும் ஹராம். அவை இல்லாதபோதும் ஷாஃபிஈ மத்ஹபில் சதுரங்கம் மக்ரூஹ் என்பதே பிரபலமான கருத்து. வேறு மத்ஹபுகளில் இதைவிடக் கடுமையான தீர்ப்புகளும் உண்டு. மூத்தாப்பா இதையெல்லாம் அறிந்து, மழைக்காலத்தில் மட்டும் அளவோடு ஆடினார்.

இந்தியாவில் 'சதுரங்கா'வாகப் பிறந்த விளையாட்டு பாரசீகத்திலும் அரபு நாட்டிலும் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. 'ஷாஹ் மாத்' என்ற சொல்தான் ஆங்கிலத்தில் 'செக்மேட்'. அக்காலத்து முஸ்லிம் கைவினைஞர்கள் உருவங்களைத் தவிர்த்துக் காய்களை வெறும் குமிழ்களாகவே பெரும்பாலும் வடித்தார்கள். நிஷாபூரில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டுக் காய்களை இன்றும் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையில் காணலாம். நம் மூத்தாப்பாவின் குமிழும் அந்த வழியில் வந்ததுதானே!

கடல் வந்த நாள்

2004 டிசம்பர் 26. சுனாமி கிண்ணியாவை எப்படிச் சிதைத்தது என்பதை இங்கே விவரிக்கத் தேவையில்லை. உயிர்கள் போன இடத்தில் பெட்டியை யார் தேடுவார்? சில நாட்களின் பின் சேற்றுக்குள்ளிருந்து அது கிடைத்தது. ஒரு சிப்பாயை மட்டும் காணவில்லை.

அன்று நான் செய்த பிழையை மறைக்கமாட்டேன். ஈரம் காயட்டும் என்று காய்களைத் தகரக் கூரையில் வெயிலுக்குப் பரப்பினேன். மாலையில் பார்த்தால் கறுப்பு ராணியிலும் இரண்டு கோட்டைகளிலும் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு! கடல்நீர் குடித்த மரத்தை முதலில் நல்ல தண்ணீரில் அலசி உப்பை நீக்க வேண்டும். பிறகு காற்றாடும் நிழலில் நாட்கணக்காக, மெதுவாக உலர்த்த வேண்டும். வெளிப்புறம் வேகமாகச் சுருங்கி, உட்புறம் ஈரமாகவே இருந்தால் மரம் பிளந்துபோகும். எனக்கு இது பின்னால்தான் விளங்கியது.

சுரண்டாதே என்றார் வாப்பா

இப்போது வாப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பார்வையும் மங்கிவிட்டது. காய்களைப் புதிதுபோல் ஆக்கிக் கொடுக்கலாம் என்று அரத்தாளும் வார்னிஷும் வாங்கி வந்தேன். சத்தம் கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுரண்டிராத மகள். எனக்குக் கண் இப்ப விரல்லதான் இரிக்கி. எந்தக் காய்க்கு எங்க தழும்பெண்டு எனக்குத் தெரியும்."

அரத்தாள் மூலைக்குப் போனது. அதன் பிறகு, அனுபவமுள்ள ஓர் ஓடாவிக் காக்காவின் வழிகாட்டலில் இப்படிச் செய்தோம்:

அழுக்கு: முதலில் மென்மையான தூரிகையால் தூசு தட்டினோம். மென்சவர்க்காரம் ஒரு துளி கலந்த நீரில் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒவ்வொரு காயாகத் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றினோம். காய்களை நீரில் ஊறவைக்கவே கூடாது.

மெருகு: அடிப்பாகத்தில் மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்த்தோம். மெருகு இளகி ஒட்டினால் அது அரக்கு. பஞ்சில் கறுப்பு ஏறினால் மரம் கருங்காலி அல்ல, சாயம் பூசியது என்று சந்தேகிக்கலாம். எங்களுடையது அரக்குதான். அரக்கைச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. ஸ்பிரிட்டில் கரைத்த புதிய அரக்கைத் துணிப் பொட்டலத்தில் தொட்டு மெல்லிதாகத் தேய்த்தால் பழைய மெருகோடு அது கலந்துவிடும்.

வெடிப்பு: கடினமான பூச்சு வைத்து அடைக்கக் கூடாது. கச்சான் காற்றில் மரம் சுருங்கும், மாரி மழையில் பொருமும். கடினப் பூச்சு அதற்கு இடம் கொடாது. தேன்மெழுகில் கறுப்புத் தூள் கலந்து வெடிப்புகளில் நிரப்பினோம்.

அடிப்பாகம்: பழைய காய்களின் அடியில் பெரும்பாலும் ஈயம் வைத்திருப்பார்கள். ஈயம் பூத்து வெள்ளைத் தூளாக இருந்தால் அது நஞ்சு. கையுறை அணிந்து, சிறுவர்களைத் தூர வைத்து, ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். அதன்மேல் புதிய கம்பளித் துணி ஒட்டினோம்.

இறுதியில் தேன்மெழுகும் டர்பன்டைனும் கலந்த பசையால் ஒரு தேய்ப்பு. டர்பன்டைன் எளிதில் தீப்பிடிக்கும். ஆகவே மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கி, அடுப்பை அணைத்து, தூர எடுத்து வந்த பிறகே டர்பன்டைனைக் கலக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் பாவித்தால், துடைத்த துணியைச் சுருட்டி வைக்காதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவிடுங்கள்.

முப்பத்திரண்டாவது காய்

சிப்பாய்க்கு மரம் எங்கே? இலங்கையில் கருங்காலி பாதுகாக்கப்பட்ட மரம். நினைத்தபடி வெட்டவோ விற்கவோ முடியாது. உடைந்த பழைய கதிரைக் கால் ஒன்றிலிருந்து ஓடாவிக் காக்கா ஒரு சிப்பாயைக் கடைந்து தந்தார். கூலி கேட்டதற்கு, "வாப்பாட துஆ போதும்" என்றார்.

இதற்கிடையில் பெட்டியைப் பார்த்த ஒருவர், குமிழை நீக்கிச் சிலுவையை மீண்டும் வைத்தால் நல்ல விலைக்கு எடுப்பதாகச் சொன்னார். வீட்டில் பணத்தட்டுப்பாடு இருந்த நேரம். இரண்டு நாள் யோசித்தேன், உண்மைதான். ஆனால் அந்தக் குமிழ் மூத்தாப்பாவின் உளி பட்டது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெட்டிதான். மறுத்துவிட்டேன்.

ஒரு அஸருக்குப் பின் பலகையை விரித்து வாப்பாவின் முன்னால் வைத்தோம். ஒவ்வொரு காயாகத் தடவினார். ராணியின் வெடிப்பில் விரல் நின்றது. "இது சுனாமி" என்றார். கறுப்புச் சிப்பாய்களில் ஆறாவதைத் தொட்டதும் சிரித்தார். "இவர் புதுசு. பாக்கு எங்க?"

பாக்கை எடுத்துக் கொடுத்தோம். அதைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொன்னார். "இத்தனை வருஷம் நின்றவர், போகச் சொல்லலாமா?" பிறகு என் மகனைப் பார்த்து, "வெள்ளை உனக்கு, தொடங்கு" என்றார்.

அன்பு வாசகர்களே! பழைய பொருளைப் புதிதாக்குவது வேறு, பேணுவது வேறு. முதலில் அதைப் பாவித்தவரிடம் கேளுங்கள். அவர் இருக்கும்போதே கேளுங்கள்.