தண்ணீரைச் சோதிக்க எந்தக் கருவி?

ஹட்டன் பகுதியில் எங்கள் தோட்டத்து மாதர் சங்கம் சேர்த்த பணத்தில் தண்ணீர் சோதிக்கும் கருவி வாங்கலாம் என்று பேச்சு எழுந்தது. பீலித் தண்ணீரைக் குடித்துத்தான் எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். வியாபாரி ஒருவர் பேனா போன்ற ஒன்றைக் காட்டி, "இது எல்லாம் சொல்லும்" என்றார். விசாரித்துப் பார்த்தேன். கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான் அது காட்டும். ஈயம், ஆசனிக்கு, கட்மியம் என்று பிரித்தறியாது.

ஒரு லீற்றர் குடிநீரில் ஈயம் 0.01 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதாவது, ஒரு கிராமில் இலட்சத்தில் ஒரு பங்கு! அதற்கு நிறமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது.

இதனை அளப்பது அணு உறிஞ்சல் நிறமாலைமானி. 1950களில் அவுஸ்திரேலியாவில் அலன் வால்ஷ் வளர்த்தெடுத்த முறை இது. நீரைச் சூடாக்கி ஆவியாக்கி, அதனூடே ஒளியைச் செலுத்துவார்கள். ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய ஒளியை மட்டும் உறிஞ்சும். அந்த அளவைக் கொண்டு கணக்கிடுவார்கள். ஆனால், அதற்குத் தனித்தனி விளக்குகள், வாயு, பயிற்சி பெற்றவர் எல்லாம் வேண்டும். சங்கத்தால் இயலாது. ஆகவே, சேமிப்பைப் பரிசோதனைக் கட்டணத்துக்கே ஒதுக்கினோம்.

சகோதரிகளே, நெடுங்காலம் கைவிடப்பட்ட கிணற்றுக்குத் திரும்பியிருக்கிறீர்களா? முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். எந்த உலோகங்களைச் சோதிப்பார்கள் என்று ஆய்வுகூடத்தில் கேளுங்கள். பழைய சோடாப் போத்தலில் தண்ணீர் பிடிக்காதீர்கள். அமிலத்தால் கழுவிய போத்தலை அவர்களிடமே வாங்குங்கள். பிடித்த இடத்தையும் நாளையும் எழுதி ஒட்டுங்கள். முடிவை எழுத்தில் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். நல்ல தண்ணீர் கேட்கும்போது அந்தத் தாளே உங்களுக்குச் சாட்சி.