பேரொளியில் மறைந்த இசைமணிகள்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் வேலனை வழிபட்டு இல்லம் திரும்புகிறோம். புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் ஆராதனை நிகழ்கிறது. கர்நாடக இசை என்றதும் தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகிய மும்மூர்த்திகளே நம் நினைவுக்கு வருகின்றனர். அது முற்றிலும் தகும். ஆயினும், அதே சோழநாட்டில் வாழ்ந்து, அப்பேரொளியில் தம் ஒளி தெரியாது நின்றோரும் உளர்.

அவர்களுள் ஒருவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நம் முன்னோர் பலர் பினாங்குக்குக் கப்பலேறிய நாகப்பட்டினத்திற்கு அருகிலுள்ள நரிமணம் அவர் பிறந்த ஊர். அவர் திருவையாறு சென்று தியாகராஜரைக் கண்டதாகவும், அங்கு ஆபோகி இராகத்தைக் கேட்டு, அதே இராகத்தில் தில்லைச் சபாபதியின் மீது தமிழில் கீர்த்தனை இயற்றியதாகவும் கூறுவர்.

அவரது பெரும்படைப்பு நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பண்ணையாரை இதில் பாரதியார் படைத்தார். தில்லை செல்ல விடை கேட்கும் நந்தனாரை அந்த வேதியர் வயல் வேலை காட்டித் தடுக்கிறார். தோட்டப்புறங்களில் உழைத்து, கோயில் திருநாளுக்காக ஏங்கியோரின் வழிவந்த நமக்கு அந்த ஏக்கம் புதிதன்று.

இந்நூலில் இலக்கணப் பிழைகள் உண்டெனக் கருதிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். பின்னொரு நாள் பாரதியார் பாடக் கேட்டு மனமுருகிப் பாயிரம் அளித்தார். இதனை உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பாரதியாரிடம் சிறிது காலம் இசை பயின்ற அவரே, கனம் கிருஷ்ணையரின் வரலாற்றையும் எழுதி வைத்தார்.

இத்தகையோர் பின்தங்கியதற்குக் காரணம் திறமைக் குறைவன்று. தியாகராஜரின் பாடல்களை உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டைச் சீடர் பரம்பரைகள் காத்தன. தீட்சிதரின் கிருதிகளைச் சுப்பராம தீட்சிதர் 1904இல் சுரக்குறிப்புடன் அச்சேற்றினார். சீர்காழி முத்துத்தாண்டவருக்கு அத்தகைய துணை வாய்க்கவில்லை. மும்மூர்த்திகளுக்கு முன்பே கீர்த்தனை பாடிய அவரது பதங்கள் பலவற்றின் பழைய மெட்டுகள் மறைந்தன. பிற்காலத்தார் புதிதாக மெட்டமைத்தனர். காப்பவர் இருந்தால் பாட்டு வாழும். இல்லையேல் ஏட்டோடு நிற்கும்.

1941இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு நடந்தது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. இரண்டிற்கும் முன்னின்றவர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். பினாங்கில் கோயில் எழுப்பிய நகரத்தார் குலத்தவர் அவர். ஆலயம் எழுப்பும் கை இசையையும் காக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

காவடிச் சிந்தை நம்மவர் நன்கறிவர். ஆனால் கழுகுமலை முருகன் மீது அதனைப் பாடி, முப்பது வயதை எட்டுமுன்பே மறைந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

அன்பர்களே! திருவிழாக் கச்சேரிக்குப் பொருளுதவும்போது, இப்பெருமக்களின் பாடல்கள் இரண்டேனும் இடம்பெற வேண்டுங்கள். தேவார வகுப்பில் பயிலும் குழந்தைக்கு ஒரு கீர்த்தனையும், அதை இயற்றியவர் பெயரும் சேர்த்துக் கற்பிக்க உதவுங்கள். அன்னதானம் அன்றைய பசியைத் தீர்க்கும். இசைதானமோ தலைமுறைக்கும் நிற்கும். தண்ணீர்மலையான் திருவருள் துணை நிற்பதாக!